அம்மு காதைக் காட்டினாள்

திருவொற்றியூர்
18 செப்டம்பர் 2024

நிதிஷுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஓடிப்போனவனுக்கு என்ன கேடு?

உன் முகவரியைக் காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் அத்தாவுல்லா பாயிடம் வாங்கினேன். கேரளாவில் முனம்பத்தில் ஏதோ தூண்டில் படகில் ஏறிவிட்டாயாமே. கூடப் பிறந்த அக்காவுக்குத் தெரியாதது ஐஸ் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இனிமேல் போன் செய்யாதே. போன வாரம் எடுத்தேனே, ஸ்பீக்கரில் "அக்கா" என்று உன் குரல் வந்ததும் அம்மு பாயை விட்டு எழுந்தாள். சுவரோரமாகப் போய், முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் போனை வைத்த பிறகும் நகரவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். எங்கள் வீடு ஒரே அறை, எந்த மூலையில் பேசினாலும் அவள் காதில் விழும். அதனால்தான் பள்ளிக்கூடத்தோடு விட்ட கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

ஆறு வயதாகியும் காது குத்தாத பிள்ளை அவள். முதலில் கொரோனாவில் தள்ளிப்போனது, பிறகு என் மாமனார் இறந்ததில் தள்ளிப்போனது. "மாமா மடியில நான் எப்பம்மா உக்காருவேன்?" என்று தெருவில் யாருக்குக் காது குத்தினாலும் வந்து கேட்பாள். அதற்குள் பிளட் கேன்சர் முந்திக்கொண்டது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்ற வேண்டும், சளி இருப்பதால் மயக்கம் கொடுக்க முடியாது, வீட்டு ஆள் ஒருவர் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "யக்கா, காதுகுத்துன்னு சொல்லி இட்டுகினு போலாம். அவபாட்டுக்கு என் மடியில உக்காந்துப்பா." தாய்மாமன் சீர் மாதிரி பச்சைப் பட்டுப்பாவாடை வேறு வாங்கி வந்தாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் "எனக்கு இன்னிக்குக் காதுகுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். நீ அவளைக் கவிழ்த்தாய்.

ஊசி குத்துவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டாள். "மாமா, காது இங்க கீது! மாமா, காது இங்க கீது!"

மறுநாள் நீ ஊரில் இல்லை. அடுத்த ஊசி நான்காம் தேதி. அவள் அப்பாவோ ரத்தத்தைப் பார்த்தாலே விழுந்துவிடுகிற ஆள். யார் பிடிப்பது என்று நீயே சொல்.

குணசுந்தரி

---

முனம்பம்
30 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

லெட்டர் வந்திச்சு. கரைக்கு வந்து மீன் எறக்கி முடிச்சதும் ஐஸ் கம்பெனில குடுத்தாங்க. பாதி படிச்சிட்டு மடிச்சி வச்சிட்டேன். மீதிய மறுநாள்தான் படிச்சேன்.

திட்டு. நல்லா திட்டு. ஆனா எல்லாத்தையும் என் தலையில ஒண்டி போடாத அக்கா. நான் பாவாடை வாங்கினேன், சரி. அவளுக்கு ரெட்டை ஜடை போட்டு, பூ வச்சி, கண்ணாடி வளையல் மாட்டி வுட்டது யாரு? ஷேர் ஆட்டோல வரும்போது "காது குத்தினா வலிக்குமாம்மா"ன்னு அவ கேட்டப்ப, "எறும்பு கடிக்கிற மாதிரி"ன்னு சொன்னது யாரு? நான் இல்ல.

நமக்கும் அப்படித்தானே குத்தினாங்க. ஆகாசத்துல ஏரோபிளேன் பாருன்னு சொல்லிட்டுக் குத்தினாங்க. நம்ம கடலோரத்துல எந்தப் பிள்ளைக்கு நெசத்த சொல்லிக் காது குத்தியிருக்காங்க? நான் அந்த மாதிரின்னு நினைச்சேன். சத்தியமா அவ்ளோதான் நினைச்சேன். அவ காதைக் காட்டுவான்னு எனக்குத் தெரியாது.

என் கட்டை விரலுக்குக் கீழ அவ கடிச்ச எடம் இன்னும் ஆறல. உப்புத் தண்ணி பட்டா எரியுது. எரியட்டும்னு வுட்டுட்டேன்.

ஊசின்னு சொல்லாத, போட்டோ புடிக்கிறாங்கன்னு சொல்லி இட்டுகினு போ. நான் இல்லைன்னாலே அவளுக்குப் பாதி பயம் போய்டும். பத்து நாளைக்கு ஒரு தபா கரைக்கு வருவோம். அம்மு சாப்டறாளா, அத மட்டும் எழுது.

உன் தம்பி
நிதிஷ்

---

திருவொற்றியூர்
8 அக்டோபர்

நிதிஷ்,

நீ சொன்னபடியே செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஸ்கேன்தான்டி, முதுகைப் போட்டோ எடுப்பாங்க" என்றேன். "மாமா வராரா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் தானாகவே நடந்து வந்தாள். ஊசி அறைக் கதவு திறந்தபோது உள்ளே இருந்த ஸ்டீல் தட்டு அவள் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். வராந்தாச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம், நிதிஷ். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போகும் பிள்ளைக்கு அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே தூக்கிப்போய்ப் படுக்கவைத்தும் துள்ளினாள். ஊசி தவறிப்போய் ரத்தம் வந்தது. டாக்டர் நிறுத்திவிட்டார்.

நான் அவளை அறைந்தேன். எல்லார் எதிரிலும், முடி கொட்டிய அந்தத் தலையில்.

டாக்டர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், தெரிந்துகொள். கையில் ஏற்றுகிற மருந்து மூளைக்குப் போய்ச் சேராதாம். முதுகு வழியாகப் போட்டால்தான் சேருமாம். அது போகாவிட்டால் நோய் அங்கே போய் ஒளிந்துகொள்ளும், பிறகு தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஒரு மாதத்துக்குள் இந்த ஊசி உள்ளே போயாக வேண்டும்.

வார்டில் ரஹீமுன்னிசா என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். சிரிக்காத ஆள். என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னா சொல்லி இட்டுகினு வந்தீங்க?" என்று கேட்டார். ஸ்கேன் என்றேன். "மொதல் தபா?" காதுகுத்து என்றேன். அப்புறம் ஒரு துணி பொம்மையும் ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்து, பிள்ளையை விளையாட விடச் சொன்னார். என்ன செய்கிறாள் என்று நான் பார்க்க வேண்டுமாம்.

பார்த்தேன். அம்மு என் கர்சீப்பை எடுத்துப் பொம்மைக்குப் பாவாடை கட்டினாள். மடியில் வைத்துக்கொண்டு, "என் செல்லம்ல, உனக்கு இன்னிக்குக் காதுகுத்து, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள். அது என் குரல்தான், என் கொஞ்சல்தான். பிறகு சட்டென்று பொம்மையைக் கவிழ்த்து முதுகில் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

"மொதல்ல பொய் சொன்னது யாரோ, அவரே வந்து அது பொய்னு சொல்லட்டும். அப்பால எங்க, எப்படி, எவ்ளோ வலிக்கும்னு எல்லாத்தையும் சொல்லுங்க" என்கிறார் ரஹீமுன்னிசா. எனக்கு உன்னைக் கூப்பிட விருப்பம் இல்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். வா.

குணா

---

முனம்பம்
17 அக்டோபர்

அக்கா,

நாளைக்குக் காலைல படகு கெளம்புது. படகு ஓட்டுற தண்டேல் லீவு தரமாட்டாரு, ஆளு பத்தல. தீபாவளிக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போறாங்க. நானும் போயிட்டா இன்னா பண்ணுவாரு பாவம்.

இத எழுதிட்டு நானே படிச்சேன். மானங்கெட்ட சாக்கா கீது. இருந்தாலும் கோடு போட்டு அடிக்காம வுட்டுட்டேன்.

அம்முக்குத் தனியா ஒரு தாள்ல எழுதி உள்ள வச்சிருக்கேன். படிச்சுக் காமி. மாமா தப்பு பண்ணிட்டேன், இனிமே பொய் சொல்ல மாட்டேன்னு எழுதியிருக்கேன். மாமா ஊசிய நிறுத்தச் சொல்லி டாக்டர்கிட்ட பேசறேன்னும் எழுதியிருக்கேன். நடுக்கடல்ல நின்னுகினு எப்படிப் பேசுவேன்னு அவளுக்குத் தெரியாதுல்ல.

நீ என்னை வா வான்ற. வந்து நான் இன்னா சொல்லுவேன்? அவ சொவத்துல ஒட்டிகினா நான் எங்க பார்ப்பேன்? பொறந்த அன்னைக்கு அவள மொதல்ல தூக்கினது நான். அவ அப்பன் கூட இல்ல, நான்தான். அந்தக் கையாலதான் கவுத்தேன். ரெண்டு சொட்டு போலியோ மருந்துக்குக் கூட என் சட்டையப் புடிச்சிகினு நின்னவ அவ.

என்னால முடியாது அக்கா. அம்மு அப்பாவையே புடிக்கச் சொல்லு. கண்ண மூடிகினு புடிக்கட்டும்.

நிதிஷ்

---

திருவொற்றியூர்
2 நவம்பர்

நிதிஷ்,

உன் தாளை நான் படித்துக் காட்டவில்லை. இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதி, அடுத்த வரியிலேயே டாக்டரிடம் பேசுகிறேன் என்று ஒரு பொய். உன்னை அடிக்கக் கை பரபரக்கிறது. என்ன பிழைப்புடா இது?

நான் மட்டும் யோக்கியமா? ரஹீமுன்னிசா சொன்னதைக் கேட்டு நிஜம் பேசலாம் என்று ஆரம்பித்தேன். கையில் ரத்தம் எடுக்கும் நாளன்று, "வலிக்கும், ஒரே குத்துதான், கையை ஆட்டாதே" என்றேன். ஆட்டாமல் நீட்டினாள். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவதாகவும் குத்தினார்கள். "நீயும் பொய்" என்றாள். என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு அவள் அப்பா எண்ணூர் போர்ட்டில் கண்டெய்னர் வண்டியோடு வரிசையில் நின்ற களைப்போடு டோல்கேட் கடைத்தெருவில் இறங்கி, ஒரு கவுன் வாங்கி வந்தார். புதுத் துணிக் கவரைப் பார்த்ததும் அம்மு கதவைப் பூட்டத் தாழ்ப்பாளைத் தேடினாள். தெருவெல்லாம் வெடிச் சத்தம். இவள் பழைய நைட்டியோடு என் புடவைக்குள் புகுந்துகொண்டு, "எங்கியும் போவலதானே, எங்கியும் போவலதானே" என்றாள். மனுஷர் கவுனை எடுத்துப்போய் வண்டியில் வைத்துவிட்டார்.

நேற்றிலிருந்து தலைவலி என்கிறாள். சாதாரணத் தலைவலியா, டாக்டர் பயந்த அதுவா என்று ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். பதினொன்றாம் தேதிதான் கடைசிக் கெடு. "கையக் காலக் கட்டிட்டுப் போட்டுரலாம் குணா, அவளே செத்தா அப்பால பொய், நெசம் பேசறதுக்கு யாரு கீறா" என்கிறார் அவள் அப்பா. நானும் தலையாட்டிவிட்டேன், நிதிஷ். பெற்ற தாய் தலையாட்டினேன். எந்தத் துணியால் கட்டினால் கை வலிக்காது என்று பீரோவில் தேடவும் செய்தேன்.

என்னிடம் திட்டு மிச்சம் இல்லை. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். பிள்ளை போய்விடுவாள்டா. வந்துவிடு.

குணா

---

முனம்பம்
6 நவம்பர்

அக்கா,

இப்பதான் கரைக்கு வந்தேன், படிச்சேன். நாளைக்கு ராத்திரி ரயிலு. போன் பண்ணா அவளுக்குக் கேக்கும், அதனால எக்ஸ்பிரஸ் பார்சல்ல இத வுடறேன். இது முன்ன வருதோ, நான் முன்ன வரனோ தெரியல.

நான் வரேன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லிடு. திடீர்னு வாசல்ல நிக்க மாட்டேன். அவ வேணாம்னா உள்ள வரமாட்டேன், தெருவுலயே நின்னுக்கறேன். சும்மா கூட இனிப்பு, பொம்மை எதுவும் வாங்கினு வரமாட்டேன்.

நிதிஷ்

---

திருவொற்றியூர்
28 நவம்பர்

நிதிஷ்,

நீ படகுக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அன்றைக்கு உன்னிடம் சொல்ல வாய் வராததை இப்போது சொல்கிறேன். நீ வாசப்படிக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய், அவள் உள்ளே சுவரோரம். "காதுகுத்துன்னு சொன்னது பொய். மாமா வேணும்னேதான் பொய் சொன்னேன்" என்றாய். அவள் சுவரை விட்டு நகரவில்லை. நீயும் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கேட்க ஆரம்பித்தாள். எங்க குத்துவாங்க? எவ்ளோ நேரம்? யாரு புடிப்பாங்க? நீ உன் முதுகைக் காட்டி, தொட்டுத் தொட்டுச் சொன்னாய். "இறால் மாதிரி சுருண்டுக்கணும். மொதல்ல மரத்துப்போற ஊசி, அது எரியும். அப்பால பெரிய ஊசி, அது அழுத்தும்."

கடைசியாக, "வலிச்சா நிறுத்துவாங்களா?" என்றாள்.

"நிறுத்த மாட்டாங்க" என்றாய்.

அந்த நிமிஷம் உன் வாயைப் பொத்தத்தான் எழுந்தேன். பாவி, கெடுத்தானே என்று நினைத்தேன். ஆனால் அவள் அந்தப் பதிலுக்குத்தான் சுவரை விட்டு நகர்ந்தாள். முட்டி போட்டு வாசல் வரை வந்து உன் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீ புடி" என்றாள்.

அவள் அன்றைக்கும் கத்தினாள், கெட்ட வார்த்தை கூடச் சொன்னாள். ஆனால் துள்ளவில்லை. ஊசி உள்ளே போனது. எடுத்த நீரில் நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் நீ ரயில் ஏறினாய். அதுவரை எல்லாம் உனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாதது. நீ போன பிறகு மருந்து ஏற்ற அம்முவைச் சில நாள் வார்டில் சேர்த்திருந்தோம். அவள் பக்கத்துக் கட்டிலில் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு பெண் இருந்தாள். மகிழினி, எட்டு வயது, அதே நோய். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கதை பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மகிழினியை முகம் மூடிக் கொண்டுபோனார்கள். அம்மு எழுந்து கேட்டபோது, "உடம்பு சரியாகி வீட்டுக்குப் போயிட்டாடி" என்றேன். என்ன செய்ய? வாயில் வந்தது அதுதான். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அவள் காலிக் கட்டிலைப் பார்த்தாள், கீழே கிடந்த மகிழினியின் செருப்பைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "மாமாக்கு லெட்டர் எழுதுவியே, அதுல கேளு" என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மாமா, மகி வூட்டுக்குப் போனாளா, செத்துட்டாளா? நானும் அப்படி ஆயிடுவேனா? அம்மா பொய் சொல்லுது. நீ சொல்லு."

அடுத்த ஊசி டிசம்பர் பன்னிரண்டாம் தேதி. நீ பதில் எழுதும்வரை அதைப் பற்றிப் பேச மாட்டாளாம்.

என்னடா எழுதப்போகிறாய்? உன்னைக் கும்பிடுகிறேன், யோசித்து எழுது. ஆறு வயசுடா அவளுக்கு.

குணா

---

முனம்பம்
5 டிசம்பர்

அக்கா,

உன் லெட்டரைப் படிச்சதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. மகி வூட்டுக்குத்தான் போனான்னு ஒரு தாள் எழுதினேன். நல்லா வந்திச்சு. மகி எனக்குப் போன்ல பேசினான்னு கூட எழுதினேன். படிச்சா நானே நம்பிடுவேன் போல. அத கிழிச்சிட்டேன். இந்தத் தாளு ரெண்டாவது.

இனிமே கீறது அம்முக்கு.

அம்மு, மாமா எழுதறேன்.

மகி செத்துட்டா. அவ வூட்டுக்குப் போகல. அம்மா உன்னை ஏமாத்தணும்னு சொல்லல, அம்மாக்கு அந்த வார்த்தைய சொல்ல பயம். மாமாக்கும் பயமாத்தான் கீது, பாரு எழுத்து எப்படிக் கோணலா போவுதுன்னு.

உனக்கும் மகிக்கும் ஒரே நோவுதான். ஆனா நீ மகி இல்ல. மகிக்கு மருந்து கேக்கல. உனக்கு இப்போதிக்குக் கேக்குதுன்னு டாக்டர் சொன்னாங்க, அது நெசம், நானும் பக்கத்துல இருந்தேன். அப்பால கேக்குமா, கேக்காதான்னு டாக்டருக்குத் தெரியாது. மாமாக்கும் தெரியாது. நீ செத்துடுவியான்னு கேட்ட இல்ல, தெரியலடி. அப்படி ஆக மாட்டன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. தெரியாதத சொல்ல மாட்டேன்.

அடுத்த ஊசியும் வலிக்கும். நீ எவ்ளோ கத்தினாலும் நிறுத்த மாட்டாங்க. அது போட்டாதான் நோவு தலைக்குப் போகாம இருக்க ஒரு வழி. அத போட்டாலும் நல்லாயிடும்னு சத்தியம் பண்ண முடியாது. போடலன்னா நல்லாவாது, அது தெரியும்.

நான் பதினொண்ணாம் தேதி காலைல அங்க கீறேன். படகு வேலைய வுட்டுட்டேன், டிக்கெட் எடுத்துட்டேன். ரயிலு லேட்டாவலாம், அது என் கையில இல்ல. என்னை இன்னா வேணா கேளு, தெரிஞ்சா சொல்றேன், தெரியலன்னா தெரியலன்றேன்.

அம்முக்கு அவ்ளோதான்.

அக்கா, இத அவளுக்குப் படிச்சுக் காமி. ஒரு வார்த்தையக் கூட வுடாத, மாத்தாத. உன் மூஞ்சியப் பாத்துகினேதான் கேப்பா. நடுவுல நீ அழுதேன்னா ஏம்மா அழறன்னு கேப்பா. அதுக்கும் நெசத்தயே சொல்லு.

நிதிஷ்